மலையடிவாரத்தில் ஒரு படகு

திருவண்ணாமலையில் ஒரு படகைப் பார்த்தேன் என்று ஊர் திரும்பியதும் சொன்னேன். வீட்டில் யாரும் நம்பவில்லை. "தெப்பத்தைச் சொல்கிறீர்களாக்கும்!" என்று சொல்லிவிட்டு என் மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள். அவள் சந்தேகப்பட்டதில் தவறு இல்லை. திருவண்ணாமலையில் மலை இருக்கிறது, கோயில் இருக்கிறது, மலையைச் சுற்ற 14 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. கடல் மட்டும் இல்லை. அது கிழக்கே 100 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில் கிடக்கிறது. இந்த ஊரில் மிதக்கிற வஸ்து என்று ஒன்று உண்டென்றால், அது கார்த்திகை தீபம் முடிந்த பிறகு அய்யங்குளத்தில் மூன்று இரவுகள் சுற்றிவரும் தெப்பம்தான்.

நான் போனதும் அந்தத் தெப்பத்தைப் பார்க்கத்தான். தீபத்தன்று போவதற்கு எனக்குத் தைரியம் போதாது. கூட்டம் கரைந்த பிறகு போனால் சுவாமியையும் பார்க்கலாம், ஊரையும் பார்க்கலாம் என்பது என் கட்சி. இரண்டாம் நாள் இரவு பராசக்தி அம்மன் தெப்பம். பீப்பாய்களின் மேல் மரங்களைப் பரப்பி, கயிற்றால் பிணைத்து, அதன்மேல் ஒரு சிறு கோபுரத்தையே எழுப்பி விளக்குச் சரங்களைச் சூட்டியிருந்தார்கள். அம்மனைச் சேவித்தேன். பிறகு, கதை எழுதுகிறவனுக்கே உரிய கெட்ட புத்தியால் என் பார்வை கட்டுகளின் மேல் போயிற்று. ஆடுகிற தண்ணீரில் அத்தனை பாரமும் கயிற்றை நம்பியல்லவா நிற்கிறது!

கட்டுவதிலும் இழுப்பதிலும் கைதேர்ந்த ஊர் இது. தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்களை இழுக்கிறார்கள். அம்மன் தேரைப் பெண்களே இழுக்கிறார்கள். வந்தவாசிப் பக்கம் கொரக்கோட்டையில் வெட்டிய பெருமாள் சிலை 2018-இன் கடைசியில் பெங்களூருக்குப் புறப்பட்டு, 240 சக்கரம் வைத்த லாரியில் இந்த மாவட்டத்துச் சாலைகளில் ஊர்ந்து போன கதையை நான் தங்கிய விடுதியில் இன்னமும் ஆசையோடு சொல்கிறார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் மறுநாள் காலை நான் பார்த்தது ஒரு மோசமான கட்டு.

இரவெல்லாம் மழை. விடிந்ததும் வெறித்திருந்தது. காலாற நடந்து, செங்கம் சாலையில் கடைகள் குறைகிற இடம் வரைக்கும் வந்துவிட்டேன். ஒரு டீக்கடை. அதன் எதிரே ஒரு சின்ன லாரி. லாரிக்குப் பின்னால் கொக்கி மாட்டிய நாலு சக்கர இழுவை வண்டி. அதன்மேல் நீலத் தார்ப்பாய் போர்த்திய நீளமான ஓர் உருவம். முன்பக்கத்தில் மூடி கிழிந்து, மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. படகு! கண்ணாடி இழைப் படகு. இருபத்தெட்டு அடி இருக்கும்.

மூடியின் நடுவில் ஒரு குளம் கட்டியிருந்தது. அதில் ஒரு காகம் சாவகாசமாக ஸ்நானம் செய்துகொண்டிருந்தது.

வண்டியின் பக்கத்தில் இருவர் வாக்குவாதம். ஒருவன் டிரைவர், முப்பது வயது இருக்கும். மற்றவர் அறுபத்தைந்தைத் தாண்டிய பெரியவர். கைலி, தோளில் துண்டு, வெயிலும் உப்பும் சேர்ந்து பதப்படுத்திய தோல்.

"செஞ்சி தாண்டினதும் படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது பெரியவரே. இருட்டுல மழையில நான் எங்க நிறுத்தறது? தார்ப்பாயி மோசம். நான் என்ன பண்ணுவேன்?"

"தார்ப்பாயி மேல பழி போடாத தம்பி. நீ கட்டினது மூட்டைக்குக் கட்டற கட்டு. படகுக்குக் கட்டற கட்டு இல்ல அது."

நான் டீயை வாங்கிக்கொண்டு அருகே போனேன். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. படகு, புதுச்சேரிக்குப் பக்கத்து வீராம்பட்டினத்திலிருந்து வருகிறது. போகவேண்டியது கர்நாடகத்தில் ஒசப்பேட்டைக்கு. அங்கே துங்கபத்திரை அணையில் மீன் குத்தகை எடுத்த ஒருவர் விலைக்கு வாங்கியிருக்கிறார். மொத்தம் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், வந்திருப்பது நூறுதான். படகு பெரியவருடையது. முக்கால் பங்கு பணம் கைக்கு வந்துவிட்டது. மீதிக் கால் பங்கு, படகு பழுதில்லாமல் அங்கே இறங்கினால்தான். அதனால் அவரும் கூடவே புறப்பட்டு வந்திருக்கிறார்.

"கடல்ல ஓடின படகு சார். இனிமே அணைத் தண்ணியில ஓடணும்னு அதுக்கு எழுதியிருக்கு" என்றார் என்னிடம். மகன்கள் இருவர். ஒருவன் கத்தாரில். இன்னொருவன் கம்பெனி வேலையில். கடலுக்குப் போக ஆள் இல்லை.

அவர் மூக்குப் பக்கத்தைக் காட்டினார். சிவப்பு எழுத்தில் 'செங்கழுநீர் அம்மன் துணை' என்று எழுதியிருந்த இடம். வீராம்பட்டினத்துக் கோயிலில் இருக்கும் அம்மன் அவள். அவளுடைய ஆடித் தேரை ஆளுநரே வடம் பிடித்துத் தொடங்கிவைப்பது வழக்கம். கிழிந்த தார்ப்பாயின் விளிம்பில் இருந்த பித்தளை வளையம் வழியெல்லாம் அடித்து அடித்து, முதல் இரண்டு எழுத்துகளைச் சுரண்டி எடுத்துவிட்டது. அடியில் இருந்த பூச்சும் போய், வெள்ளை இழை தெரிந்தது.

"இன்னும் ஐநூறு கிலோமீட்டரு இருக்கு. அம்மன் பேரே மிஞ்சாது" என்றார் பெரியவர்.

அவர்கள் வாக்குவாதம் முடிகிற வரையில், வாசகர்களோடு கொஞ்சம் பழங்கதை பேசலாம் என்று நினைக்கிறேன். தார்ப்பாயைக் கட்டுவதில் என்ன சரித்திரம் என்று கேட்கலாம். இருக்கிறது.

தார்ப்பாய் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேய மாலுமிகள் தண்ணீர் இறங்காமல் இருக்கக் கித்தானில் தாரைப் பூசினார்கள். தார் பூசிய போர்வை என்று பொருள்பட அதற்குத் 'தார்பாலின்' என்று பெயர். எந்நேரமும் தாரோடு புழங்கியதால் கப்பல்காரனுக்கே 'தார்' என்று பட்டப்பெயர் உண்டாயிற்று. அந்தச் சொல் நம் கரைக்கு வந்து இறங்கியது. தலையை அப்படியே வைத்துக்கொண்டு வாலை மாற்றி, நம்மவர்கள் 'தார்ப்பாய்' ஆக்கிவிட்டார்கள். எந்தக் கலைச்சொல் குழுவும் உட்கார்ந்து செய்த காரியம் இல்லை இது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும் வண்டி ஓட்டியவனும் வாய்க்கு வந்தபடி சொன்னது. ஆனால் எவ்வளவு பொருத்தம்! தமிழில் பாய் என்றால் படுக்கிற பாயும் உண்டு, கப்பலை ஓட்டுகிற பாயும் உண்டு. கடலில் பிறந்த துணி கடலின் பெயரையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

சங்கடம் அங்கேதான் ஆரம்பம். கடலில் பாய் காற்றைப் பிடிக்கவேண்டும். சாலையில் அதே துணி காற்றைப் பிடிக்கவே கூடாது. நாலு மூலையில் கட்டிய துணிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று எப்படித் தெரியும்? காற்று வந்தால் அது உப்பத்தான் செய்யும்.

காற்றைப் பிடிக்கிற வித்தை நமக்குப் பழைய வித்தை. கரிகால் வளவனைப் பாடிய வெண்ணிக் குயத்தியார் என்ற புலவர், அவனுடைய முன்னோனைக் கடலில் காற்றை ஏவல் கொண்டவன் என்று புகழ்கிறார். புறநானூற்றில் இருக்கிறது. காற்றைக் கூலியாளாக்கிய பெருமையைப் பாட ஒரு புலவர் கிடைத்தார். காற்றை உள்ளே விடாமல் கட்டிப்போட்டவனைப் பாட யாரும் இல்லை. அதற்கு என்ன செய்வது?

அவனும் இருந்திருக்கிறான். என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் 1940-களில் மரக்காணம் உப்பளத்தில் கணக்கு எழுதியவர். திருவண்ணாமலைச் சாலையிலேயே கிழக்கே போய், திண்டிவனத்தில் பிரிந்து கடலைப் பார்க்க நடந்தால் மரக்காணம். பக்கிங்காம் கால்வாய் அங்கேதான் முடிகிறது. 1806-இல் சென்னைக்கு வடக்கே ஒரு துண்டாகத் தோன்றி, அப்போது அதை வெட்டிய வியாபாரி காக்ரேனின் பெயரைத் தாங்கி, பிறகு மெல்ல மெல்ல இரு பக்கமும் நீண்ட கால்வாய் அது. 1877-78 பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்துச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற எட்டுக் கிலோமீட்டரை வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. வெட்டியவர்களின் பசி ஒட்டவில்லை. ஆந்திரத்தில் பெத்தகஞ்சாம் தொடங்கி மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர்.

அந்தக் கால்வாயில் விறகும் உப்பும் நெல்லும் படகில் போயின. காற்று சாதகமாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் துடுப்புக் கழியால் உந்துவார்கள். அல்லது கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு இழுப்பார்கள். பாரதிதாசன் நண்பர்களோடு 1934-இல் இந்தக் கால்வாய் வழியாக மாவலிபுரம் போய் எழுதிய 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையை வாசகர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். இயற்கையை ரசித்துக்கொண்டே போன கவிஞரின் கண், கரையில் படகை இழுத்துக்கொண்டு நடந்த உழைப்பாளிகளின் மேல் விழுந்ததுதான் அந்தக் கவிதைக்கு உயிர்.

உப்புப் படகுக்கு மூடி முக்கியம். மழையில் நனைந்தால் சரக்கு கரைந்து கால்வாயோடு போய்விடும். தாத்தா சொன்ன விவரம் என் மனத்தில் இன்னும் நிற்கிறது. உப்பைக் குவித்து, ஓலைப்பாயைப் போர்த்தி, கயிறு போடும்போது இழுக்கிற ஆட்கள் கூடவே நின்று பார்ப்பார்களாம். குவியல் உயரமாக இருந்தாலோ மூடி தளர்ந்திருந்தாலோ சண்டைக்கு வருவார்களாம். "காற்று அடித்தால் உன் மூடி பாயாகிவிடும். படகு எதிர்க்கரைக்கு ஓடும். அதைத் திருப்பி இழுக்கிற தோள் என் தோள்" என்பது அவர்கள் வாதம். மூடியைக் கட்டியவன் ஒருவன், அதன் பலனை அனுபவிக்கிறவன் வேறொருவன் என்ற தகராறு அன்றைக்கே இருந்திருக்கிறது! 1965, 66-ஆம் ஆண்டுப் புயல்களில் கால்வாய் அடிபட்டது. படகுப் போக்குவரத்து தேய்ந்து நின்றுபோயிற்று. விறகும் உப்பும் லாரி ஏறிவிட்டன. கட்டத் தெரிந்தவர்களும் லாரிக்குப் போனார்களா என்று தாத்தா சொல்லவில்லை.

மேற்கே போனால் விஷயம் தலைகீழ். திருவண்ணாமலைக்கு மேற்கே தர்மபுரி. அதற்கும் மேற்கே ஒகேனக்கல். அங்கே மூடிதான் படகு. மூங்கிலைக் கூடை மாதிரி முடைந்து, வெளியே மாட்டுத்தோலைப் போர்த்தினால் பரிசல். ஓட்டி முடித்ததும் ஓட்டியவனே தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்கலாம். பின்னாளில் வெல்லிங்டன் பிரபு என்று உலகப் புகழ் பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, 1803-இல் மராத்தியர்மேல் படையெடுத்தபோது ஆறுகளைக் கடக்கப் பரிசல்கள் முடையச் சொல்லி உத்தரவு அனுப்பியவர். பீரங்கிகளுக்கு நடுவில் கூடையைப் பற்றிக் கவலைப்பட்ட தளபதி! இப்போது பரிசலுக்குத் தோல் போர்த்துவது அரிது. பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே தாரைக் காய்ச்சிப் பூசுகிறார்கள். ஆங்கிலேய மாலுமியின் தார் காவிரிக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

படகைத் தரைமேல் நெடுந்தூரம் இழுத்தவர்கள் உலகத்தில் பலர். எல்லோரையும் சொல்ல இடம் இல்லை. இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன்.

1453 ஏப்ரல் 22. கான்ஸ்டாண்டினோபிள் நகரைத் துருக்கிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் முற்றுகையிட்டிருந்தான். துறைமுகத்தின் வாயிலுக்குக் குறுக்கே நகரத்தார் இரும்புச் சங்கிலி கட்டியிருந்தார்கள். சுல்தான் என்ன செய்தான்? கொழுப்புப் பூசிய மரங்களைப் பரப்பி, சுமார் 70 கப்பல்களைக் குன்றின்மேல் ஏற்றி, அந்தப் பக்கம் துறைமுகத்துக்குள் இறக்கிவிட்டான். மாடும் ஆளும் இழுத்தன. எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. கப்பல்கள் குன்றில் ஏறும்போது மாலுமிகள் உள்ளே உட்கார்ந்து, பாய்களை விரித்துவிட்டார்களாம். அந்தக் காலத்துச் சரித்திரக்காரரே எழுதியிருக்கிறார். தரையில் போகிற கப்பலுக்குப் பாய் எதற்கு? ஒரு கொண்டாட்டம்தான். நம் டிரைவருடைய தார்ப்பாய் செஞ்சி தாண்டிச் செய்ததும் அதேதான். அவன் கொண்டாடவில்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

இரண்டாவது, முதல் உலக யுத்தத்துக் கதை. ஆப்பிரிக்காவில் டாங்கனிக்கா ஏரி ஜெர்மானியர் வசம் இருந்தது. 1915-இல் பிரிட்டிஷ் கடற்படை நாற்பது அடி மோட்டார்ப் படகுகள் இரண்டை லண்டனிலிருந்து அனுப்பியது. மிமி, டூட்டூ என்று பெயர். பூனைக்கும் நாய்க்கும் வைக்கிற மாதிரி. கேப்டவுன் வரைக்கும் கப்பல். அங்கிருந்து காங்கோவுக்குள் ரயில். ரயில் முடிந்த இடத்திலிருந்து காடு. மரம் வெட்டிப் பாதை போட்டு, ஓடைகளுக்குப் பாலம் கட்டி, நீராவி இழுவை யந்திரங்களையும் எருதுக் கூட்டத்தையும் பூட்டி, மலைத்தொடர் ஒன்றைத் தாண்டி இழுத்தார்கள். நீராவி யந்திரத்துக்குத் தண்ணீர் வேண்டுமே! அது கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் தண்ணீரைச் சுமந்துவந்து ஊற்றினார்கள். ஏரிக்குப் போகிற படகுகள் வழியில் தண்ணீருக்காகக் காத்து நின்றன. கடைசியில் போய்ச் சேர்ந்து, டிசம்பர் 26-ஆம் தேதி ஒரு ஜெர்மன் கப்பலைப் பிடித்தும் விட்டன. தளபதி ஸ்பைசர்-சிம்சனைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. தண்ணீர் சுமந்த பெண்களில் ஒருத்தியின் பெயரையும் நான் எங்கும் படித்ததில்லை.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு சென்னையை அடையாறு விழுங்கியதே, அப்போது கரையோரக் குப்பத்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்தார்கள். எந்தத் தெருவில் காய்கறி வாங்கினோமோ அந்தத் தெருவில் படகு போயிற்று. 2018 ஆகஸ்டில் கேரளத்துக்கு அதே கதி. கொல்லம், திருவனந்தபுரம் கரைகளிலிருந்து லாரிகளில் படகுகள் உள்நாட்டுக்குப் புறப்பட்டன. அரசு பின்னர் சொன்ன கணக்கில் 669 படகுகள்; அவற்றால் கரையேறியவர்கள் 65,000 பேருக்கு மேல். அந்த இரவுகளில் யாரும் படகுக்குத் தார்ப்பாய் தேடவில்லை. கையில் அகப்பட்ட கயிற்றைப் போட்டு இறுக்கி, மழையிலேயே புறப்பட்டுவிட்டார்கள். மதில் சுவரிலும் மூழ்கிய வண்டிகளிலும் மோதிப் பல படகுகள் உடைந்தே திரும்பின. படகு என்பது மீனவனுக்கு வீட்டைவிட விலை கூடிய சொத்து. அதைத் தரையில் இழுத்துக்கொண்டு போவதென்றால் சொத்தையே நடுத்தெருவில் வைப்பதற்குச் சமானம். இதை அந்தப் படங்களைச் செய்தித்தாளில் பார்த்தபோது நான் யோசிக்கவே இல்லை. செங்கம் சாலையில் அந்தச் சுரண்டலைப் பார்த்தபோதுதான் யோசித்தேன்.

வாக்குவாதம் முடிந்திருந்தது. பெரியவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"எல்லாத்தையும் அவுரு தம்பி. முதல்லேருந்து கட்டுவோம்."

டிரைவருக்கு மனசில்லை. மணி ஏழரை. பெங்களூரை இருட்டுவதற்குள் தாண்டவேண்டும் என்று முணுமுணுத்தான். ஆனாலும் அவிழ்த்தான்.

முதலில் குளத்தை வடித்தார்கள். காகம் கோபித்துக்கொண்டு போயிற்று. தண்ணீர் இறங்கிய இறக்கத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. ஆறடி நீளம், நாலடி அகலம், சராசரி மூன்று அங்குல ஆழம் என்று வைத்துக்கொண்டால்கூட 170 லிட்டர். இரண்டு மூட்டை அரிசிக்கு மேல் பாரம். அது வண்டி குலுங்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் துணியைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பெரியவர் டீக்கடையின் பின்னால் போய், கடைக்காரரிடம் கேட்டு ஒரு மூங்கில் கழி கொண்டுவந்தார். இரண்டு முனையிலும் பழந்துணியைச் சுற்றிக் கட்டினார். படகின் முன்மூக்கிலிருந்து பின்பலகை வரைக்கும் நடுவில் கழியை நிறுத்தி, வீட்டுக் கூரைக்கு முகடு வைப்பதுபோல் வைத்தார். இனி மழை இரு பக்கமும் வழிந்துபோகும்.

பிறகு படகையே கவனித்தார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. தார்ப்பாய்க் கயிறே படகையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்ததுதான் அவர் கண்ட முதல் குற்றம்.

"படகுக்குத் தனிக் கயிறு, போர்வைக்குத் தனிக் கயிறு. போர்வை கிழிஞ்சா போகட்டும். அதோட படகும் போவணுமா?"

படகை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு நாலு இடத்தில் தனியாக இறுக்கினார். கயிறு படகின் விளிம்பில் திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் சாக்குத் துண்டை மடித்து வைத்தார். பித்தளை வளையங்கள் இருந்த விளிம்பை உள்பக்கமாக மடக்கினார். அம்மன் பெயரை இனி எதுவும் தொடாது.

கிழிசலுக்கு என்ன செய்வது? வேறு தார்ப்பாய் வாங்கக் கடை திறக்கவில்லை. லாரியில் ஒரு பழைய துண்டு கிடந்தது. டிரைவர் அதை எடுத்து, பின்பக்கத்துத் தார்ப்பாயின் அடியில் செருகப் போனான்.

"அங்கதான் தப்பு பண்ற. மீனை வாலுலேருந்து தலைக்குத் தடவிப் பாத்திருக்கியா? செதிலு குத்தும். தலையிலேருந்து தடவினா குத்தாது. முன்னால இருக்கறது மேல வரணும், பின்னால இருக்கறது கீழ போவணும். அப்பதான் காத்து வழுக்கிட்டுப் போவும்."

டிரைவர் ஒன்றும் சொல்லாமல் துண்டை வெளியே இழுத்து மேலே போட்டான். நான் பள்ளியில் படித்த பௌதிகம் சொற்பம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அழுத்தம் நாலு மடங்காகும் என்ற ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. முப்பதில் போகும்போது சாதுவாக இருக்கும் துணி அறுபதில் போகும்போது ஏன் பேயாட்டம் ஆடுகிறது என்பதற்கு அதுதான் காரணம். அதோடு, வளைந்த மூடியின்மேல் காற்று விரைந்து ஓடும்போது விமானத்தின் இறக்கையைத் தூக்குவதுபோல் துணியை மேலேயும் தூக்குகிறது. அழுத்திக் கட்டினால் மட்டும் போதாது. கீழே இழுத்துப் பிடிக்கவும் வேண்டும். பெரியவர் இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை. கயிற்றைப் படகின் வயிற்றுக்கு அடியில் விட்டு, எதிர்ப்பக்கம் வாங்கி, திரும்பவும் அடியில் விட்டு, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டே போனார். லாரிக்காரர்கள் பழைய டயர் டியூபை வாராக அறுத்துத் தார்ப்பாய்க்குப் போடுவார்களே, அதை மட்டும் அவர் தொடவில்லை. "அது நீளும் சார். நீண்டா காத்துக்கு ஒரு விரக்கடை இடம் கெடைக்கும். காத்துக்கு அது போதும்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் பின்னால் போய்க் கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்தார். திருப்தி இல்லை. நடுவில் துணி இன்னும் தளர்வாகத்தான் இருந்தது. கயிறு போகாத இடமெல்லாம் காற்றுக்குச் சொந்தம்.

லாரியில் ஏறி ஒரு கோணிப் பையை இறக்கினார். உள்ளே வலை. பழைய நைலான் வலை. பல இடத்தில் ஒட்டுப் போட்டது.

"இதுவும் விலைக்குப் போறதா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். படகு மட்டும்தான் பேசினது. இது என்னோடது." கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சும்மா கூட எடுத்தாந்தேன். வீட்டுல இருந்தா எவனாவது வேலிக்கு எடுத்துடுவான்."

அப்புறம் நான் பார்த்த காட்சி அடிக்கடி காணக் கிடைப்பதில்லை. வலையை இடது முழங்கையில் மடித்து வாங்கி, உடம்பை ஒரு திருப்புத் திருப்பி வீசினார். நெடுஞ்சாலையில், மலைக்கு எதிரே, வலை விரிந்து படகின்மேல் விழுந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இரு பக்கமும் இழுத்து, அடிச்சட்டத்தில் இருபது இருபத்தைந்து இடத்தில் முடிந்தார். தார்ப்பாய் முழுவதும் ஒரே பிடியில் அடங்கிவிட்டது. நான் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தேன். தப்பட்டை மாதிரி ஓசை வந்தது.

"கடல்ல இருந்தவரைக்கும் இந்த வலையில காத்து நிக்காம போயிடும்" என்று பெரியவர் சொல்லிச் சிரித்தார். "இன்னிக்கு ஒரு நாளாவது பிடிக்கட்டும்."

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். பெரியவர் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். டீக்குக் காசு கொடுக்க வந்தவரை நான் தடுத்துவிட்டேன். போகும்போது அவர் டிரைவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"செங்கத்துக்கு முன்னால ஒரு தடவை நிறுத்து தம்பி. புதுசாக் கட்டின கயிறு கொஞ்சம் எளகும். இறுக்கிட்டுப் போவலாம்."

"இன்னொரு தடவையா!" என்றான் டிரைவர்.

"கிருஷ்ணகிரியில இன்னொண்ணு" என்றார் பெரியவர்.

வண்டி நகர்ந்தது. மூங்கில் கழியின் விலை என்ன என்று டீக்கடைக்காரர் என்னைக் கேட்டார்.